தெப்பத்தில் ஏற்றிய இரண்டு கோடு

ரயில்வே கேட்டைத் தாண்டி வாலாஜாபாத் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. ஆறு மணி ஆகியிருந்தது, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தால் பத்து நிமிஷத்தில் வண்டி கிடைத்திருக்கும். ஆனால் அங்கே மைக் செட்டு ஆட்கள் யாராவது நிற்பார்கள், எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்பார்கள். அதனால் நடந்தேன்.

ஊரை விட்டுக் கிளம்புவது எனக்குப் புதிதல்ல. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து பல ஊர்களில் பல வேலைகள் செய்திருக்கிறேன். பனியன் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடித்தேன். லாரியில் கிளீனராகப் போனேன். கடலோரத்தில் சுற்றுலாப் படகுகள் நிற்கும் துறை ஒன்றில் இரண்டு வருஷம் இருந்தேன். வேலை அலுத்துவிடும், அல்லது மேஸ்திரியோடு சண்டை வரும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சாப்பாடு இல்லாத நாள்கள் இருந்தன. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வயிறு இரண்டு நாளில் பழகிக்கொள்ளும்.

காஞ்சிபுரத்தில் யாரோடும் சண்டை இல்லை. ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார்த்தை பொய்.

பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர்கள் இருக்கும் தெரு ஒன்றின் முடிவில் சின்ன சிவன் கோயில் இருக்கிறது. அதற்கு ஒரு குளம். பெரிய கோயில்களின் தெப்பத்துக்கு வெளியூரிலிருந்து கூட்டம் வரும். இந்தக் கோயிலின் தெப்பம் தெருக்காரர்களே நடத்துவது. மூன்று நாள். ஏதோ ஒரு வருஷம் இருட்டில் படி தெரியாமல் யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டார்களாம், அதிலிருந்து பகலிலேயே நடத்துகிறார்கள். நாலரை மணிக்குச் சாமி ஏறினால் குளத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கரைக்கு வந்துவிடும்.

நான் வேலை பார்த்த மைக் செட்டுக் கடைக்கு இந்த வருஷம் அந்த வேலை வந்தது. கரையில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவதுதான் வழக்கம். இந்த முறை தெருத் தலைவருக்கு வேறு ஆசை. தெப்பத்தின் மேலேயே ஸ்பீக்கர் இருக்க வேண்டும், சாமியோடு சேர்ந்து பாட்டும் குளத்தைச் சுற்றி வர வேண்டும் என்றார். கடைக்காரருக்குத் தண்ணீரில் செட்டுப் போட்டுப் பழக்கமில்லை.

"நீ போட்ல செட்டு போட்டவன்தானே. நீயே பாத்துக்க. எனக்கு அன்னிக்கு ஒரு கல்யாணம் இருக்குது, நான் அங்க இருப்பேன்" என்றார் என்னிடம்.

படகுத் துறையில் நான் செய்த வேலை அதுதான். ஏசி உள்ள படகு, ஏசி இல்லாத படகு, எதுவானாலும் வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பது பாட்டு. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, கார் ஆம்ப்ளிஃபயர், நாலு ஸ்பீக்கர். இதில் தப்பு நடப்பது எல்லாம் ஒரே இடத்தில், கெயின் என்கிற சின்னத் திருகில். ஸ்க்ரூ டிரைவர் விட்டுத்தான் திருப்ப முடியும். எல்லோரும் அதை வால்யூம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வால்யூம் இல்லை. மைக்கிலிருந்தோ போனிலிருந்தோ வருகிற சத்தத்தை ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது அது. தாங்குகிற அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டால் சத்தம் கூடாது. கிழியும். கொஞ்ச நேரம் கிழிந்துகொண்டே இருந்தால் ஸ்பீக்கர் எரிந்துவிடும். இரண்டு ஸ்பீக்கரை எரித்த பிறகு நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

செய்முறை கஷ்டமில்லை. கெயினை முழுக்கக் கீழே இறக்க வேண்டும். அடிச்சத்தத்தைக் கூட்டும் பட்டன் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். பாட்டை எவ்வளவு சத்தமாக ஓட்டப் போகிறோமோ அவ்வளவு சத்தத்தில் ஓட்ட வேண்டும். பிறகு கெயினை மெதுவாக ஏற்ற வேண்டும். கிழிசல் லேசாகக் காதில் விழுகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து நன்றாகப் பின்னால் வர வேண்டும். படகில் இன்னொன்றும் உண்டு: விளக்கெல்லாம் எரிய விட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். விளக்கு பேட்டரியை இழுக்கும்போது ஆம்ப்ளிஃபயருக்குத் தெம்பு குறையும், முன்னாலேயே கிழிய ஆரம்பித்துவிடும். யாராவது மைக்கில் பாடப்போகிறார்கள் என்றால், அவர்களை அவர்களுடைய உச்சத்தில் பாடச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் திருகை விட வேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தப்பாக இருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

தெப்பத்துக்கு முந்தின நாள் காலை கோயில் மண்டபத்தில் காப்புக் கட்டினார்கள். சாமி ஏறிய பிறகு தெப்பத்தில் காலை வைக்க வேண்டுமானால் கையில் காப்பு இருக்க வேண்டும். குருக்கள், மேளக்காரர்கள், மைக்கில் பாடப்போகிறவர், கழி ஊன்றித் தெப்பத்தைத் தள்ளுகிற ஆட்கள் எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். காப்புக் கட்டினால் மூன்று நாளும் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. கடைக்காரர் என்னையும் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

"எனக்கு வேணாம்ணா" என்றேன்.

"ஏன்டா, மூணு நாள் ஊர்ல இருக்கறதுக்கு உனக்கு இன்னா கஷ்டம்? எங்க, ஃபாரினுக்கா போவப்போற?"

போவதற்கு எனக்கு எந்த இடமும் இல்லை. ஆனாலும், போகக் கூடாது என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு மூச்சு முட்டும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். "கரையிலயே செட் பண்ணி வுட்டுட்டு எறங்கிடறேண்ணா. அப்புறம் யாரும் தொடாம இருந்தா போதும்" என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

பாடப்போகிறவர் அந்தத் தெருப் பெண். முப்பது வயது இருக்கும். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் கணவர், இன்னொன்றில் இவர். கோயிலில் நடக்கும் தேவாரப் பதிக வகுப்புக்கு ஏழெட்டு வருஷமாகப் போய்க் கற்றவர். தெப்பத்தில் இதுவரை பெண் யாரும் ஏறிப் பாடியதில்லை. தெருவில் பாதிப் பேருக்கு இதில் இஷ்டமில்லை. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள்: முதல் நாள் பாடட்டும், நன்றாக இருந்தால் மற்ற இரண்டு நாளும் அவரே பாடட்டும், அதற்குப் பிறகு பிரதோஷத்துக்குப் பிரதோஷம் சந்நிதியில் பாடட்டும். நன்றாக இல்லை என்றால் இனி இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. இதை அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னார், மறுநாள் மதியம் தெப்பத்தில் நான் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது.

"காலைல இருந்து சோறு எறங்கலண்ணா" என்றார் சிரித்துக்கொண்டே. "எங்க வூட்டுக்காரரு சொல்றாரு, நீ பாடாம வந்தாக்கூட பரவால்ல, தண்ணில வுழுந்துடாதன்னு."

மூன்று மணிக்கு நான் கெயின் வைக்க ஆரம்பித்தேன். தெப்பத்துக்குப் பிளாஸ்டிக் பேரல்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, நடுவில் மண்டபம் மாதிரி ஜோடித்திருந்தார்கள். பின்பக்கம் பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், மைக்கையும் போனையும் சேர்த்து அதற்கு அனுப்பும் ஒரு சின்ன மிக்சர். சீரியல் லைட் எல்லாவற்றையும் எரியவிட்டேன். போனில் ஒரு நாதஸ்வரப் பதிவைப் போட்டு, திருகை ஏற்றி, கிழிகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து, திருகைச் சுற்றிப் போட்டிருக்கும் கோடுகளில் மூன்று கோடு பின்னால் வந்தேன். சுற்றிலும் கல் படிக்கட்டு, நடுவில் தண்ணீர். அப்படிப்பட்ட இடத்தில் சத்தம் தானாகவே பரவும். அது போதும்.

தெருத் தலைவர் படியில் நின்று கேட்டார். அவருக்குப் போதவில்லை.

"இன்னாபா மைக் செட்டு, கொசு பாடற மாதிரி இருக்குது? நாலு தெருவுக்குக் கேக்க வேணாமா?"

"தண்ணி மேல போனா நல்லா கேக்கும்ணா."

"போனா கேக்குமாம்! இங்கியே கேக்கல, அங்க போயி கேக்கப்போவுதா? தெப்பத்துல ஸ்பீக்கரு வெக்கலாம்னு சொன்னவன் நானு. ஜனங்க என்னைத்தான் கேப்பாங்க. ஏத்துபா."

கூட நின்ற இருவர் சிரித்தார்கள். ஒருவர், "ஆளு கடல்ல படிச்சிட்டு வந்திருக்காரு, நம்ம கொளம் அவருக்கு எம்மாத்திரம்" என்றார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டு கோடு ஏற்றினேன். போனில் ஓடிய பாட்டு கிழியவில்லை, ஆனால் விளிம்பில் நின்றது. தலைவர், "இப்ப பாரு, இது சவுண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணை மைக்கில் பாடச் சொன்னேன். பலகையில் உட்கார்ந்து நாலு வரி பாடினார். தாழ்வாக, கூச்சத்தோடு. சுற்றி ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் சுத்தமாக வந்தது.

"போதும்மா. சரியா இருக்குது" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "அண்ணா, நான் வூட்ல தறி ஓட ஓட பாடிப் பழகினவ. ரெண்டு தறி சத்தத்துக்கு மேல கேக்கணும்ல. மேல போனா கொரலு ரொம்பப் பெருசா வந்துடும். அந்த எடம் ஒருதபா பாடிக் காட்டட்டுமா?"

கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. அவரே கேட்டார். அவர் மேலே போய்ப் பாடினால் கிழியும் என்று எனக்குத் தெரிந்தது. கிழிந்தால் கெயினை இறக்க வேண்டும். இறக்கினால் தலைவர் திரும்பி வருவார், அந்த இருவரும் சிரிப்பார்கள், நான் எல்லோர் முன்னாலும் நின்று விளக்க வேண்டும். எனக்கு அது அலுப்பாக இருந்தது. பயம் என்று சொன்னாலும் தப்பில்லை. மைக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னால் சமாளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"தேவையில்லம்மா. நம்ம செட்டு எல்லாம் தாங்கும். நீங்க மட்டும் ஒரு சாண் தள்ளி உக்காருங்க."

"தாங்குமா?"

"தாங்கும்மா."

அவர் அதை நம்பினார். நான் மிக்சரின் திருகுகள் மேல் டேப் ஒட்டினேன். கழி ஊன்றுபவர்களிடம், என்ன ஆனாலும் இதை யாரும் தொடக் கூடாது என்று சொன்னேன். குருக்கள் இறங்கச் சொன்னார். இறங்கிவிட்டேன்.

முதல் சுற்று நன்றாகப் போனது. தண்ணீர் மேல் அந்தப் பெண்ணின் குரல் கண்ணாடி மாதிரி வந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இஷ்டமில்லாதவர்களில் ஒருவர் என்று எனக்குத் தெரிந்த கிழவர் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். படியில் நின்ற அந்தப் பெண்ணின் கணவர் போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சுற்றில் அந்தப் பெண்ணுக்குக் கூச்சம் போய்விட்டது. தன் வீட்டில் பாடுவதைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு மேலே போனார். ஸ்பீக்கர் கிழிந்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தகரத்தைக் கல்லில் இழுக்கிற மாதிரி இருந்தது. நாலு பக்கப் படியும் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. யாரோ சிரித்தார்கள். நான் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி, "டேப்பைப் பிச்சிட்டு சவுண்டைக் கொறைங்க" என்று கத்தினேன். மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது. கழி ஊன்றிய ஒருவர் என்னைப் பார்த்து, யாரும் தொடவில்லை, கவலைப்படாதே என்பது மாதிரி கையைக் காட்டினார். கையில் காப்பு இருந்திருந்தால் நான் அந்த மிக்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதில் மைக் சத்தத்தை இறக்குவது ஒரு விரலால் முடிகிற வேலை.

அந்தப் பெண்ணுக்கும் கேட்டது. கண்ணைத் திறந்தார். குரலை இறக்கிப் பார்த்தார். ஆனால் பயம் வந்துவிட்டது, தாழ்வான இடத்தில் குரல் நடுங்கியது. மறுபடி மேலே போனார், மறுபடி கிழிந்தது. பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டார். நாதஸ்வரக்காரர் சட்டென்று எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். மிச்சச் சுற்றெல்லாம் அந்தப் பெண் மைக்குக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் நடுவில் எழுந்து போக வழியில்லை.

கரைக்கு வந்ததும் தலைவர் தணிந்த குரலில்தான் பேசினார். "பரவால்லமா. பொம்பளைங்க கொரலு மைக்குக்கு ஒத்து வராது போல. நாளைக்கு வேற ஏற்பாடு பாத்துக்கலாம்." அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே அப்படி நினைத்தார்.

அந்தப் பெண் என்னிடம் வந்தார். நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தலைவர் நாலடி தள்ளி நின்றார்.

"அண்ணா, நெஜத்தைச் சொல்லுங்க. என் கொரலா, மிசினா?"

மிஷின்தான் என்று சொன்னால் போதும். இரண்டு கோடு என்று சொன்னால் போதும். கெயினை இறக்கி, அங்கேயே இன்னொரு முறை பாட வைத்திருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பேட்டரியும் ஸ்பீக்கரும் அப்படியே இருந்தன.

"ரெண்டும் கொஞ்சம் சேரலம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கணவரிடம் போய், அந்த வீடியோவை அழித்துவிடச் சொன்னார். அது என் காதில் விழுந்தது. செட்டை ஆட்டோவில் ஏற்றிக் கடையில் இறக்கினேன். கடையிலேயேதான் நான் படுப்பது. பையை எடுத்துக்கொண்டு, பக்கத்து டீக்கடையில் சாவியைக் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

அய்யம்பேட்டைக்கு முன்னால் போன் அடித்தது. கடைக்காரர்.

"எங்கடா இருக்குற?"

"வாலாஜாபாத் ரோட்ல நடந்துக்கினு இருக்கேண்ணா."

"நடந்துக்கினு இருக்கியா? வாக்கிங்கா? டேய், இன்னாடா ஆச்சு அங்க? அந்தப் பொண்ணோட வூட்டுக்காரரு கடைக்கு வந்து நிக்கறாரு. திட்டவும் மாட்டேங்கறாரு, போவவும் மாட்டேங்கறாரு. அவ வந்து தறில உக்காந்தவ, வாயே தொறக்கலியாம்."

சொன்னேன். கெயினை ஏற்றியதையும், தலைவர் சொன்னதையும், அந்தப் பெண் பாடிக் காட்டட்டுமா என்று கேட்டதையும் சொன்னேன்.

"இதை அங்கியே சொல்றதுக்கு இன்னாடா?"

நான் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சரி வுடு. காலைல ஒம்போது மணிக்கு மண்டபத்துல உக்காந்து பேசப்போறாங்க. அந்தப் பொண்ணு நாளைக்கும் பாடட்டுமா, இல்ல பென் டிரைவ்ல பாட்டு போட்டுடலாமான்னு. நான் போயி சொன்னா செல்லாது, நான்தான் அங்க இல்லியே. கடை பேரைக் காப்பாத்த பேசறேன்னுவாங்க. நீ வந்து நின்னு, ஏத்துனது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லு. முடிஞ்சிடும். வருவியா?"

"வர்றேண்ணா."

சொன்னபோது வருவதாகத்தான் இருந்தேன். இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது பொய் இல்லை.

ஆனால் திரும்பி நடக்கவில்லை. காலையில் போனால் போதுமே என்று வாலாஜாபாத் பக்கமாகவே நடந்தேன். ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது, ஏறினேன். வாலாஜாபாத் ரயில் நிலைய பெஞ்சில் படுத்தேன். கொசுக்கடியில் தூக்கம் வராமல், மண்டபத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அந்தப் பெண் கேட்பார்: தெரிஞ்சும் ஏண்ணா தாங்கும்னு சொன்னீங்க? அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

விடிந்ததும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தேன். காஞ்சிபுரம் போகும் வண்டி ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. டீ குடித்துவிட்டு அடுத்ததில் ஏறலாம் என்று கடை ஓரம் நின்றேன். அங்கே ஒரு ரைஸ் மில் மேஸ்திரி சைக்கிளை நிறுத்திவிட்டு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார். களத்து வேலைக்கு இரண்டு பேர் வரவில்லையாம். என் பையைப் பார்த்தார்.

"வேலைக்கு வந்தவனாபா நீ?"

"ஆமா" என்றேன்.

"இன்னா வேலை தெரியும்?"

"எதுவும் தெரியாதுண்ணா. சொன்னா செய்வேன்."

"அதான் வேணும். எல்லாம் தெரிஞ்சவன்தான் மூணாம் நாள் ஓடிடறான். வா."

அவர் பின்னாலேயே நடந்தேன். மில்லின் பின்பக்கம் பெரிய சிமெண்டுக் களம். அவித்த நெல்லை ஆவி பறக்கக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். சட்டையைக் கழற்றி, அதன் பையிலிருந்த போனை அணைத்து, தாழ்வாரத்தில் மாட்டினேன். வேலை சுலபம். நெல்லுக்குள் பாதத்தை இழுத்துக்கொண்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நடக்க வேண்டும். நெல் இரண்டு பக்கமும் ஒதுங்கிச் சால் விழும். அடிநெல்லுக்கு வெயில் படும். திரும்பி, பக்கத்தில் இன்னொரு சால். முதலில் பாதம் சுட்டது, அப்புறம் தெரியவில்லை. முன்னால் போன பெண் திரும்பிப் பார்த்து, "கோணலாப் போவாத" என்றாள். நேராகப் போக முயன்றேன்.

ஒன்பது மணிக்கு எல்லோரையும் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள். நானும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடி களத்தில் இறங்கினேன்.